ரெனியின் ஆட்கள் வாய் திறந்த விவகாரம்

மார்ச் 4

என் மனைவி ரெனி வரைந்த ஆட்களின் வாயைத் திறந்துவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. அவளைக் கேட்க வழியில்லை. செய்தவள் எங்கள் மகள் வயான். உடந்தையாக இருந்தவன் டென்பசாரில் அவளோடு வேலை செய்யும் தியோ என்கிற சுரபாயா பையன்.

நடந்தது இதுதான். ரெனி பெரிய துணி ஒன்றில் மீனவப் பெண்ணின் கதையை வரைந்திருக்கிறாள். அவளுடைய அப்பா சொன்ன கதை. ஒரு மீனவனைக் கடல் கொண்டுபோய்விடுகிறது. அவன் பெண்டாட்டி கடலரசனிடம் நேரில் போய் வழக்காடி, அவனைத் திருப்பி வாங்கிவருகிறாள். இதை வயான் கம்ப்யூட்டரில் ஏற்றி நடமாடும் படமாகச் செய்கிறாள். இரண்டு வருட வேலை. ஏப்ரலில் எங்கள் கமாசான் ஊர்த் திடலில் திரை கட்டிக் காட்டப்போகிறார்கள்.

இன்று லேப்டாப்பில் கொஞ்சம் போட்டுக் காட்டினாள். மீனவப் பெண் நடந்தாள். அதை நான் பொறுத்துக்கொண்டேன். அலை வந்தது, அதையும் பொறுத்துக்கொண்டேன். பிறகு அவள் வாயைத் திறந்தாள். உள்ளே நாக்கு இருந்தது.

எங்கள் படங்களில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. அரக்கர்களுக்குப் பல் தெரியும், அதுவும் பேசுவதற்காக அல்ல. ரெனி நாக்கே வரைந்ததில்லை.

"வாய் தொறந்தா என்னப்பா? பேசுறாங்கல்ல" என்றாள் வயான்.

லேப்டாப்பை மூடிவிட்டுப் பன்றிக்குத் தவிடு வைக்கப் போனேன்.

மார்ச் 5

நேற்று கோபத்தில் சில விஷயங்கள் விட்டுப்போயின.

எனக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. தமிழ் எழுத்தை, பிறந்த ஊரான மேடானில் நாள்காட்டித் தாள்களைப் பார்த்து நானே கற்றேன். இந்த வீட்டில் இதை வேறு யாராலும் படிக்க முடியாது என்பது ஒரு வசதி. லாரி ஓட்டிக்கொண்டு பாலிக்கு வந்து, ரெனியைக் கட்டிக்கொண்டு, இங்கேயே தங்கிவிட்டேன். அவள் அப்பா பெரிய ஓவியர். லாரிக்காரனுக்குத் தூரிகை பிடிக்க வராது என்று என் காதுபடச் சொன்னார். அவர் தூங்கும் நேரத்தில் அவர் படங்களைப் பார்த்துப் பார்த்து வண்ணம் தீட்டக் கற்றேன். ரெனி கோடு போடுவாள், நான் வண்ணம் நிரப்புவேன், கடைசியில் அவள் கறுப்புக் கோடு இழுத்து முடிப்பாள். முப்பது வருடத்துக்கு மேல் இப்படித்தான். மாமனார் சாகும்வரை என் சிவப்பைக் குறை சொன்னார். சிவப்பில் ஒரு குறையும் இல்லை.

தியோவைப் பற்றி. இந்த ஆள் முதல் தடவை துணியைப் பார்த்துவிட்டு, "இந்த அஞ்சு அக்கா தங்கச்சிங்க பேரு என்ன?" என்று கேட்டவன். துணியில் மீனவப் பெண் ஐந்து இடத்தில் இருக்கிறாள். வீட்டில், கரையில், படகில், கடலரசன் முன்னால், மறுபடி கரையில். ஒரே பெண், கதை நகர நகர ஐந்து தடவை வருகிறாள். நடுவில் பாறை வரைந்திருந்தால் அடுத்த கட்டம் என்று அர்த்தம். குழந்தைகளுக்கும் தெரியும். இவன் ஐந்து பேருக்கும் தனித்தனி நடை செய்துவைத்திருந்தான். ஒருத்திக்கு நொண்டல்.

தியோவுக்குத் தமிழ் தெரியாது. அவன் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன். அதனால் அவன் இருப்பதைவிடக் கொஞ்சம் புத்திசாலியாகத் தெரியலாம்.

மார்ச் 7

மேடானிலிருந்து தங்கை அங்கம்மாள் வந்திருக்கிறாள். ரெனியைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதம் இருப்பதாகச் சொல்கிறாள். எனக்கு உதவி தேவையில்லை என்று போனிலேயே சொல்லியிருந்தேன். நல்லெண்ணெய் மட்டும் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு பாட்டில் கொண்டுவந்தாள்.

ரெனி போன ஜூலையில் அடுப்படியில் விழுந்தாள். வலது பக்கம் வராமல் போய்விட்டது, பேச்சும் நின்றது. பேச்சு வரும். டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. டாக்டர்கள் உறுதியாகச் சொல்வது வழக்கமில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் ஒருமுறை புத்து என்ற பெண் வந்து வலது கைக்குப் பயிற்சி கொடுக்கிறாள். அவள் கவனிக்காத ஒன்றை நான் கவனித்திருக்கிறேன். இழுப்பு இப்போது இடது கைக்கும் வந்துவிட்டது. திடீரென்று முழங்கையோடு மேலே எழும்புகிறது. சுட்டுவிரல் நீட்டிக்கொள்கிறது, மற்ற விரல்கள் மடங்கிக்கொள்கின்றன. அப்படியே விறைத்து நிற்கிறது. காலை, மாலை எண்ணெய் போட்டு நீவி இறக்குகிறேன். இறங்கியதும் கண்ணை மூடிக்கொள்கிறாள். சுகமாக இருக்கிறது என்று அர்த்தம்.

அங்கம்மாள் நின்று பார்த்தாள். "அண்ணே, அண்ணி ஏன் மொறைக்கிறாங்க?"

"மூஞ்சித் தசைக்கும் இழுப்பு இருக்கு."

"கல்யாணமான நாள்லேர்ந்தே இருக்கா?"

அவளை அடுப்படிக்கு அனுப்பினேன்.

மார்ச் 10

ஓடு மாற்றினேன். மழை இன்னும் ஒழுகுகிறது, வேறு இடத்தில்.

மார்ச் 14

வயான் வந்தாள். பேச்சு நன்றாக ஆரம்பிக்கவில்லை.

"அம்மா சரின்னு சொன்னாங்கப்பா. விழுறதுக்கு முன்னாடியே."

"படத்துக்குச் சரின்னு சொன்னா. வாயைத் தொறக்கச் சொன்னாளா?"

"அதக் கேக்கல."

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லிருப்பா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முப்பது வருடத்துக்கு மேல் பக்கத்தில் உட்கார்ந்து வண்ணம் நிரப்பியவனிடம் கேட்கிற கேள்வியா இது. துணியைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதை எப்போதோ ஸ்கேன் செய்தாகிவிட்டது, பூட்டிப் பயனில்லை என்றாள். பூட்டு இருக்கட்டும் என்றேன்.

அங்கம்மாள் இருவருக்கும் நடுவில் வாழைக்காய் பஜ்ஜித் தட்டை வைத்தாள். அவளுக்குக் கதை தெரியாது. வயான் அவளுக்கு லேப்டாப்பில் முழுவதும் போட்டுக் காட்டினாள். நான் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

"அந்தப் புருசங்காரன் கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேசலியே" என்றாள் அங்கம்மாள். "கடல்லேர்ந்து அவனை மீட்டுக் கொண்டாறா. கொஞ்சம் தாங்க்ஸ் சொல்லக் கூடாதா?"

"கதையில அவருக்குப் பேச்சே இல்லத்தே."

"நல்ல மனுசன். எங்கண்ணனும் இருக்காரே."

மார்ச் 16

ஊர் மன்றத் தலைவர் வீட்டுக்குப் போனேன். திடல் மன்றத்துக்குச் சொந்தம். அவர் சொல்லாமல் திரை கட்ட முடியாது. விஷயத்தை அமைதியாக எடுத்துச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவும் சொல்லியிருக்கலாம். அவர் மனைவி ஜன்னலை மூடினாள்.

"ரெனியின் கை போட்ட படம். ரெனிக்கு வேண்டாம் என்றால் திடலில் போட மாட்டோம்" என்றார்.

"ரெனிக்கு வேண்டாம்" என்றேன்.

"அவள் சொன்னாளா?"

"அவள் சார்பில் நான் சொல்கிறேன்."

அவர் காப்பி கொடுத்தார். தலைவருக்கு நியாயம் தெரியும்.

மார்ச் 17

வயான் போன் செய்தாள். தலைவர் அவளிடம் சொல்லிவிட்டார். அழவில்லை. "சரிப்பா" என்று மட்டும் சொன்னாள். அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

இன்று ரெனியின் இடது கை வழக்கத்தைவிட மோசம். நீவ நீவ எழும்புகிறது. எண்ணெயைச் சூடாக்கிப் பார்த்தேன். பாட்டிலைத் தட்டிவிட்டாள். இழுப்பு இவ்வளவு வேகமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. தரையைத் துடைப்பதற்குள் இருட்டிவிட்டது.

மார்ச் 22

இன்று நியெப்பி. தீவு முழுக்க யாரும் வெளியே போகக் கூடாது, விளக்குப் போடக் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது. விமான நிலையத்தையும் மூடிவிடுவார்கள்.

"ஒரு காப்பித்தண்ணி வைக்கக் கூடாதா? என்ன ஊருண்ணே இது" என்று அங்கம்மாள் காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். காவலுக்கு நடக்கும் ஊர் ஆட்கள் சுவருக்கு வெளியே நின்று இருமினார்கள். அதற்குப் பிறகு சைகையில் திட்டினாள்.

பகல் முழுக்க ரெனியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மற்ற நாளுக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

மார்ச் 24

வயான் இறங்கிவந்துவிட்டாள். எல்லா வாயையும் மூடி வேறொரு பதிப்பு செய்கிறார்களாம். இரவு பகலாக வேலையாம். பாவம் என்று அங்கம்மாள் சொன்னாள். திறக்காமல் இருந்திருந்தால் மூடும் வேலை மிச்சம் என்று நான் சொன்னேன்.

நெல்லி மரத்தில் எறும்பு. மருந்து அடித்தேன்.

மார்ச் 29

தியோவும் வயானும் புதிய பதிப்பைக் கொண்டுவந்தார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ரெனியைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்திருந்தோம். நான் பக்கத்தில் எண்ணெயோடு இருந்தேன். அங்கம்மாள் கட்டில் ஓரத்தில். லேப்டாப்பை ரெனிக்கு எதிரே மேஜையில் வைத்தார்கள். படம் ஓடியது. வாய்கள் மூடியிருந்தன. குரல்கள் மட்டும் வந்தன. நான் திருப்தியாக இருந்தேன்.

பாதியில் தியோ நிறுத்தினான். "பாக்" என்றான். பெரியவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "எல்லாரும் வாயை மூடிட்டு நிக்கிறாங்க. குரல் வருது, யாரு பேசுறாங்கன்னு தெரியல. பாக்கிறவங்களுக்கு எப்படிப் புரியும்?"

இவ்வளவு நாள் இந்த வேலையில் இருந்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறான். நான் பொறுமையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அங்கம்மாள் வேறு மாதிரி சொல்கிறாள்.

"வாயை எதுக்குப் பாக்குற? கையைப் பாரு" என்றேன். "எங்க படத்துல கைதான் பேசும். கை கீழ இருந்தா கேட்டுக்கிட்டு இருக்கான். முழங்கை மடங்கி, கை மேல எழும்பி, சுட்டுவிரல் நீண்டு, மத்த விரல் மடங்கியிருந்தா, இப்ப அவன் பேசுறான்னு அர்த்தம். ராஜாவா இருந்தாலும் சரி, கடலா இருந்தாலும் சரி. கை எழும்பினா மத்தவங்க கேக்கணும். சின்னப் புள்ளைக்குத் தெரியும்."

தியோ திரையைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் பார்த்தான்.

"இபு கையும் அப்படித்தான் இருக்கு" என்றான். இபு என்றால் அம்மா. ரெனியைச் சொன்னான்.

"அது இழுப்பு" என்றேன். சொல்லும்போது ரெனியின் இடது கை என் இரண்டு கைகளுக்கு நடுவில் இருந்தது. நான் அதைக் கீழே நீவிக்கொண்டிருந்தேன்.

வயான் லேப்டாப்பை விட்டுத் திரும்பி அந்தக் கையைப் பார்த்தாள்.

"அண்ணே" என்றாள் அங்கம்மாள். "கைய விடு."

விட்டேன். கை எழும்பியது. முழங்கை மடங்கியது. சுட்டுவிரல் நீண்டது. மற்ற விரல்கள் மடங்கின. திரையில் நின்றிருந்த மீனவப் பெண்ணும் கடலரசன் முன்னால் அதே மாதிரிதான் நின்றிருந்தாள். ரெனி என்னைப் பார்த்தாள். அங்கம்மாள் முறைப்பு என்று சொன்னதை நான் முகத்தசை என்று சொல்லியிருந்தேன். அங்கம்மாள் சொன்னதுதான் சரி.

வயான் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். "அம்மா, சொல்லும்மா" என்றாள்.

ஒரு விஷயத்தைப் பதிவுசெய்ய வேண்டும். ரெனி வரைகிற பெண்கள் எல்லாருக்கும் எழும்புவது வலது கை. இது இடது கை. யாருக்கும் தெரிந்திருக்காது.

மார்ச் 30

தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது. பிரித்துச் சரிசெய்தேன். வேறொன்றும் எழுத இல்லை.

மார்ச் 31

இரண்டு நாளாக ரெனி சொல்லிக்கொண்டிருக்கிறாள். எங்களுக்குக் கேட்கத் தெரிந்த அளவுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கை எழும்பினால் எல்லாரும் நிறுத்திவிடுகிறோம். வயான் ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். ரெனி விரலால் காட்டுகிறாள், அல்லது வயானின் கையைத் தட்டிவிடுகிறாள். தட்டினால் இல்லை என்று அர்த்தம்.

அவள் முதலில் சொன்னது எண்ணெய் வேண்டாம் என்பது. நல்லெண்ணெய் வாசனை அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லையாம். அங்கம்மாள் இரண்டாவது பாட்டிலை எடுத்துக்கொண்டாள், சமையலுக்கு ஆகும் என்று.

அடுத்து, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னாள். சுவரைப் பார்த்தபடி போட்டிருந்தேன், வெயில் படாமல் இருக்க.

பிறகு வயான் கேட்க வேண்டியதைக் கேட்டாள். லேப்டாப்பில் இரண்டு பதிப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். இடது பக்கம் மூடிய வாய், வலது பக்கம் திறந்த வாய். அதே மீனவப் பெண், அதே இடம், கடலரசன் முன்னால்.

ரெனி வலது பக்கத்தைக் காட்டினாள்.

அவளுடைய வலது கண் பார்வை சரியில்லாமல் இருக்கலாம், அதனால் குழம்பியிருக்கலாம் என்று சொன்னேன். பக்கத்தை மாற்றிப் போடச் சொன்னேன். வயான் மாற்றினாள். ரெனி இடது பக்கத்தைக் காட்டினாள். மறுபடி மாற்றினோம். மூன்றாவது தடவை காட்டிவிட்டு, விரலால் என் முழங்காலில் தட்டினாள். வலித்தது.

"திறந்த வாய்தாம்பா வேணுமாம்" என்றாள் வயான். குரலில் ஜெயித்த சத்தம் இல்லை. எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஏன்?" என்று ரெனியிடம் கேட்டேன். கை எழும்பியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல மடியில் இறங்கியது. காரணம் இருக்கிறது. அதைக் கேட்கும் அளவுக்கு நாங்கள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

என் கருத்து மாறவில்லை. வாய் திறப்பது தவறு. நாக்கு மிகவும் தவறு. ஆனால் துணி அவளுடையது, கோடு அவளுடையது. நான் வண்ணம் நிரப்பியவன்.

தியோ போகும்போது, "அந்த அஞ்சு அக்கா தங்கச்சிங்க விஷயத்துக்கு மன்னிச்சிருங்க பாக்" என்றான். பரவாயில்லை என்றேன். வேறு என்ன சொல்வது. நொண்டி நடந்தவளை மட்டும் எடுத்துவிடு என்றேன். எப்போதோ எடுத்தாயிற்றாம்.

ஏப்ரல் 1

செய்ய வேண்டியவை.

மீனவப் பெண்ணின் வாயையும், கடலரசன் வாயையும், மற்ற எல்லார் வாயையும் மறுபடி திறக்க வேண்டும். வயான், தியோ. நாக்கைச் சின்னதாக்க வேண்டும். இதை ரெனியிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

வாய் திறந்தாலும் கை எழும்பிய பிறகுதான் திறக்க வேண்டும். முன்னால் அல்ல. தியோ. இதையும் ரெனியிடம் கேட்க வேண்டும், ஆனால் சரி என்பாள் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று மட்டும்தான் எழுதுகிறேன்.

பீரோவைத் திறந்து துணியை வெளியே எடுத்து, ஜன்னல் பக்கச் சுவரில் மாட்ட வேண்டும். நான். அங்கம்மாள் ஏணியைப் பிடிக்க வேண்டும், பேசாமல்.

ஊர் மன்றத் தலைவரிடம் போய் ரெனிக்கு வேண்டும் என்று சொல்ல வேண்டும். நான் போகக் கூடாது. ரெனியையே சக்கர நாற்காலியில் கூட்டிப்போக வேண்டும். வயான் தள்ளட்டும். நான் வாசலில் நிற்கலாம்.

இடது கையில் இழுப்பு இல்லை என்று புத்துவிடம் சொல்ல வேண்டும். அங்கம்மாள் சொல்லட்டும், அவளுக்கு வாய் இருக்கிறது. இடது கையை நீவக் கூடாது என்று புத்து என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அதையும் சொல்ல வேண்டும்.

ரெனியின் கை எழும்பினால் யார் என்ன செய்துகொண்டிருந்தாலும் விட்டுவிட்டு வந்து உட்கார வேண்டும். வயான், அங்கம்மாள், புத்து, வந்திருந்தால் தியோ. பன்றிக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தாலும் நான்.

ஜூலையிலிருந்து ரெனிக்கு இது பிடிக்கும், இது பிடிக்காது, இதைச் சொல்லியிருப்பாள், இதைச் சொல்லியிருக்க மாட்டாள் என்று அவள் சார்பில் நான் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். அதில் எது எது தப்பு என்று அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். நாளைக் காலை, மற்றவர்கள் எழுந்து வருவதற்கு முன்னால். நான். நேரம் ஆகும். காப்பியை அங்கம்மாள் போட்டுக்கொள்ள வேண்டும்.